ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லியும் மனம் நிறையவில்லையே?

கேள்வி:

எனக்கு 43 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஒரே மகன், பிளஸ் டூ படிக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். ஞாயிறு ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம், சண்டே ஸ்கூல் வகுப்பு என்று சபைக் காரியம் எதையும் நான் தவறவிட்டதில்லை.

போன வருடம் என் தங்கை கோயம்புத்தூரில் வீடு கட்டினாள். பிரதிஷ்டை ஜெபத்துக்கு வந்த பாஸ்டர், “உண்மையாய் ஊழியம் செய்கிறவர்களைக் கர்த்தர் உயர்த்தாமல் விடமாட்டார், இந்த வீடே அதற்குச் சாட்சி” என்றார். அவள் மாதத்தில் ஒரு ஞாயிறு கோயிலுக்குப் போனாலே அதிகம். வாசலில் பித்தளை எழுத்தில் ‘எபெனேசர்’ (இம்மட்டும் கர்த்தர் உதவினார்) என்று பெயர். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது நான் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் நின்று அழுதேன். அன்றிலிருந்து எதிலும் மனசு ஒட்டவில்லை. (மனை வாங்கச் சேர்த்து வைத்த நான்கு லட்சத்தை என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லாமல் அவர் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். பாஸ்புக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.)

“இருக்கிறதுக்கு நன்றி சொல்லு, இல்லாததை நினைக்காதே” என்கிறார் மாமியார். தினமும், ஆயிரம் நன்றித் துதிகள் உள்ள ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். வாய் ஸ்தோத்திரம் சொல்கிறது, மனசு வட்டிக் கணக்குப் போடுகிறது. மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமில்லை. இதற்கு நடுவில், அடுத்த மாதம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் சாட்சி சொல்லும்படி பாஸ்டரம்மா கேட்டிருக்கிறார். நான் எதைச் சொல்ல? நான் நன்றிகெட்டவளா? போதும் என்கிற மனசு எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அந்த அடைப்புக்குறிதான். நான்கு லட்சத்தை அதற்குள் போட்டு, “பெரிதுபடுத்தவில்லை” என்று மூடிவிட்டீர்கள். பெரிதுபடுத்தாத விஷயத்துக்கு யாரும் இத்தனை துல்லியமாக நாள் கணக்கு வைத்திருப்பதில்லை. ஸ்தோத்திரம் சொல்லும்போது மனசு போடுகிற வட்டிக் கணக்கு எந்தப் பணத்துக்கு என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் நன்றிகெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களிடம் இருப்பது கணவர்மேல் ஒரு மனத்தாங்கல், தங்கைமேல் கொஞ்சம் பொறாமை, மூன்று மாதத் தூக்கக்கேடு, கூடவே ஒரு பிரசங்கத்தில் கேட்ட தப்பான கணக்கு. இத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘நன்றியின்மை’ என்று பெயர் எழுதி, அதன்மேல் ஆயிரம் ஸ்தோத்திரத்தை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அடியில் இருப்பது அசையாமல் அப்படியே இருக்கிறது. ஒவ்வொன்றாக இறக்கிப் பார்ப்போம்.

முதலில் தூக்கம். விடியற்காலையில் விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமல் போவது, எதிலும் மனசு ஒட்டாமல் இருப்பது, இரண்டும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் அதை மனச்சோர்வின் அறிகுறியாக எடுத்துப் பார்ப்பது மனநல ஆலோசனை சொல்கிற எங்கள் வழக்கம். மனச்சோர்வுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ரத்தசோகை, தைராய்டு, மாதவிடாய் நிற்கப்போகிற வயதின் மாற்றங்கள் எல்லாம் இதே மாதிரி ஆளை அசத்தும். ஆகவே ஒரு டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டாக்டரிடம் மூன்று மணி விழிப்பையும் மறக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலான பெண்கள் முதுகுவலியைச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்பது போன்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே பேசுங்கள்.

டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்று உங்கள் சபையில் யாராவது சொன்னால், 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாவு வந்தால் தேவலை என்று கேட்கிறார். தேவதூதன் வந்து அவருக்கு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்று சொல்லித் தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுக்கிறார். இரண்டாம் முறையும் அதேதான். ஓரேப் மலையில் கர்த்தரோடு நடக்கிற பேச்சுவார்த்தை எல்லாம் அதற்கப்புறம்தான். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, போதும் என்கிற மனதுக்கு வருவோம். நம் சபைகளில் இதைப் பற்றிப் பேசினால், அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிலிப்பியர் 4:11 வராமல் இருக்காது. “நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்.” மனரம்மியம் என்றால் மனநிறைவு. காலண்டரில் இந்த ஒரு வரியைக் கிழித்துப் படிக்கிறபோது, பவுல் எதற்கும் கலங்காத ஒரு மனிதர், நாம்தான் சரியில்லை என்று தோன்றும். நான் கேட்டுக்கொள்வது, அந்த நான்காம் அதிகாரத்தை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள் என்பதுதான். மொத்தம் 23 வசனம், பத்து நிமிடம் ஆகாது.

ஆரம்பத்திலேயே ஒரு சண்டை வருகிறது. எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்கள். சபையில் பவுலோடு சேர்ந்து பாடுபட்டவர்கள், இப்போது பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது. பவுல் இருவரையும் பெயர் சொல்லியே எழுதுகிறார், சமாதானம் செய்து வைக்கும்படி இன்னொருவரையும் கேட்டுக்கொள்கிறார். சபை முழுக்கக் கேட்கும்படி வாசிக்கப்பட்ட கடிதம் இது! ‘பெரிதுபடுத்தாமல்’ விடுகிற சுபாவம் அவருக்கு இல்லை. அப்புறம் ஆறாம் வசனத்தில் கவலையைப் பற்றிச் சொல்கிறார். “உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்” என்பது அவர் வழி. இங்கே ஸ்தோத்திரமும் விண்ணப்பமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டதால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. அதற்கப்புறம்தான் உங்களை வாட்டுகிற அந்த மனரம்மிய வசனம். அது முடிந்த கையோடு, பிலிப்பியர் தம் உபத்திரவத்தில் பங்கெடுத்தது நலமாயிருக்கிறது என்கிறார். எப்பாப்பிரோதீத்து என்ற தங்கள் ஆள் கையில் அவர்கள் கொடுத்தனுப்பிய உதவி வந்து சேர்ந்துவிட்டது என்று ரசீது போட்டதுபோல எழுதுகிறார். கொடுக்கல் வாங்கலைப் பற்றி அந்த அதிகாரத்தில் கூச்சமில்லாமல் பேசுகிறார். இரண்டாம் அதிகாரத்துக்குப் போனால், அந்த எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததையும், பிழைத்திராவிட்டால் தமக்குத் “துக்கத்தின்மேல் துக்கம்” வந்திருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார்.

அந்தக் காலத்தில் ஸ்தோயிக்கத் தத்துவக்காரர்களும் போதும் என்ற மனதைத்தான் போதித்தார்கள். எதுவும் தேவைப்படாதவனாக, எதற்கும் மனம் அசையாதவனாக ஆகிவிடுவது அவர்கள் வழி. பவுல் அந்த ரகம் இல்லை. அவருக்குத் தேவை இருக்கிறது, துக்கம் இருக்கிறது, வந்த உதவியைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார். இத்தனையும் இருக்கிற இடத்தில் நின்றுதான் மனரம்மியத்தைப் பேசுகிறார். ‘கற்றுக்கொண்டேன்’ என்கிறாரே, எங்கே கற்றார் என்பதை 2 கொரிந்தியர் 11-இல் பார்க்கலாம். ஐந்து தடவை யூதர்களிடம் ஒன்று குறைய நாற்பது அடி, மூன்று தடவை கப்பற்சேதம், பசி, பட்டினி, குளிர். மனசு ஒரே நாளில் நிறையவில்லை, நிறைய வருடமும் ஆயிற்று.

இப்போது அந்தப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு வருகிறேன். உண்மையாய் ஊழியம் செய்தால் வீடு வரும் என்ற கணக்கு சரியென்றால், பவுலுக்கு ரோமாபுரியில் மாடி வீடு இருந்திருக்க வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரம் என்ன சொல்கிறது? இரண்டு வருடம் முழுதும் தாம் வாடகைக்கு வாங்கியிருந்த வீட்டில் தங்கியிருந்தார். வாடகை வீடு, காவலுக்குக் கூடவே ஒரு சேவகன்! பிலிப்பியர் நிருபம் அந்த ரோமாபுரிக் காவலிலிருந்து எழுதப்பட்டது என்பதுதான் சபையின் பழைய மரபு. வேறு ஊர்களைச் சொல்கிற அறிஞர்களும் உண்டு. எந்த ஊரானாலும் காவலில் இருந்து எழுதியது என்பது கடிதத்திலேயே இருக்கிறது.

அந்தப் பாஸ்டரைக் குறை சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வீட்டு விசேஷத்தில் வீட்டுக்காரர் மனம் குளிரப் பேசுவது வழக்கம். ஆனால் அந்தப் பேச்சு, வீடு இல்லாதவர்கள் காதில் எப்படி விழும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. உங்களுக்கு அன்று வலித்தது வீடு இல்லை என்பதால் மட்டுமா? ‘இத்தனை வருடம் உண்மையாய் இருந்தேனே, என் கணக்கு எங்கே?’ என்ற கேள்விதான் பின்கட்டு வரை உங்களைத் துரத்தியது. சண்டே ஸ்கூல், உபவாசம் என்று கடிதத்தில் வரிசையாக எழுதியிருக்கிறீர்களே, அதில் நான் கேட்பது அந்தக் குரலைத்தான்.

அந்தக் கேள்வி வேதாகமத்துக்குப் புதிதில்லை. சங்கீதம் 73-இல் ஆசாப் இதையேதான் கேட்கிறார், இன்னும் சத்தமாக. “நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணி, குற்றமில்லாமையிலே என் கைகளைக் கழுவினேன்.” நன்றாக வாழ்கிறவர்களைப் பார்த்துப் பொறாமை கொண்டேன் என்று ஒப்புக்கொள்கிறார். இவர் தெருவில் போகிற யாரோ ஒருவர் இல்லை, தாவீது நியமித்த பாடகர்களில் தலைவர். உங்கள் ஊர் பாடகர் குழு லீடர் ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்து, ‘நான் வீணாகத்தான் நல்லவனாக இருந்தேன்’ என்று பாடினால் எப்படி இருக்கும்? அதைத்தான் அவர் செய்தார். இஸ்ரவேலரும் அதை வெட்டி எறியாமல் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தச் சங்கீதத்தின் முடிவில் ஆசாபுக்கு வீடு கிடைத்ததா, பொறாமைக்குக் காரணமானவர்கள் நொடித்துப் போனார்களா? அவர்கள் முடிவைப் பற்றி உணர்ந்தேன் என்கிறார், அவ்வளவுதான். வெளியில் ஒன்றும் மாறவில்லை. “பூலோகத்தில் உம்மைத் தவிர எனக்கு வேறே விருப்பமில்லை” என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்கிறார். வந்து சேர்ந்த வழியைக் கவனியுங்கள். முதல் பாதி முழுக்கப் புலம்பல். அந்தப் பாதியைத் தாண்டிக் குதித்து இருபத்தைந்தாம் வசனத்துக்கு நேராகப் போக முயல்கிறபோதுதான், வாய் ஒன்று சொல்ல மனசு ஒன்று சொல்கிறது.

கிறிஸ்தவ விசுவாசம் சொல்கிற மனநிறைவுக்கு அடிப்படை என்னவென்று கேட்டால், நான் எபிரெயர் 13:5-ஐத்தான் காட்டுவேன். “உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்” என்று அங்கே இருக்கிறது. ஏன் போதும்? ‘மற்றவர்களுக்கு இதுகூட இல்லையே’ என்று காரணம் சொல்லப்படவில்லை. “நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறாரே” என்பதுதான் காரணம். இருப்பது கொஞ்சமாக இருக்கலாம், கூட இருக்கிறவர் விலகவில்லை. இதை நம்பினால் நிறைவு உடனே பொங்கி வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கூட இருக்கிறவரிடம் வாய்விட்டு எதையும் சொல்லலாம், கோபத்தையும்தான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நம் வீடுகளில் நன்றி பெரும்பாலும் ஒப்பீட்டில்தான் ஓடுகிறது. ‘அந்தத் தெருவில் இருக்கிறவளைப் பார், புருஷன் குடிகாரன், உனக்கு என்ன குறை?’ என்று ஆறுதல் சொல்வோம். லூக்கா 18-இல் ஒரு பரிசேயர் இப்படித்தான் நன்றி சொன்னார். மற்ற மனுஷரைப்போலவும் பக்கத்தில் நின்ற இந்த ஆயக்காரனை (வரி வசூலிப்பவனை)ப்போலவும் தாம் இல்லாததற்காகத் தேவனை ஸ்தோத்திரித்தார். அவருடைய ஸ்தோத்திரத்தில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் நின்றவனை மிதித்துக்கொண்டு நின்றது என்பதைத் தவிர. கீழே பார்த்து நன்றி சொல்லப் பழகிய கண், மேலே பார்க்கும்போது பொறாமைப்படாமல் இருக்காது. இரண்டும் ஒரே பழக்கம். தங்கை வீட்டைப் பார்த்து அழுததும், குடிகாரன் மனைவியைப் பார்த்து ஆறுதலடைவதும் அளந்து பார்க்கிற அதே பழக்கத்திலிருந்து வருகிறவைதான்.

உங்கள் மாமியார் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் தலைமுறைப் பெண்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ கடந்து வந்திருக்கிறார்கள். ஆனால் வலியில் இருக்கிறவருக்கு அதை வெளியில் நின்று சொன்னால் இறங்காது. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி அம்மையார் 1931-இல் விழுந்து காலை முறித்துக்கொண்டார். 1951-இல் இறக்கும் வரை பெரும்பாலும் அறையிலேயே, படுக்கையிலேயே இருந்தார். சுகமாக இருக்கிறவர்கள் நோயாளிகளுக்காக எழுதுகிற ஆறுதல்கள் தமக்கு உதவவில்லை என்று படுக்கையிலிருந்தே எழுதி வைத்திருக்கிறார். சுகமாக உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதுகிற எனக்கும் அது பொருந்தும் என்பதால், அறிவுரையைக் குறைத்துக்கொண்டு செய்யக்கூடிய காரியங்களுக்கு வருகிறேன்.

ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வையுங்கள். அது உதவுகிறவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. உங்களுக்கு இப்போது அது எண்ணிக்கையாகிவிட்டது, எண்ணி முடித்ததும் ‘இவ்வளவு சொல்லியும் ஒன்றுமில்லையே’ என்று இன்னொரு ஏமாற்றமும் சேர்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் துறையில் பிரபலம். அதில் ஒரு பகுதியில், வாரத்துக்கு ஒரு தடவை, நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயம் வரை எழுதச் சொன்னார்கள், பத்து வாரம். எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிட இவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். வாரத்துக்கு ஐந்துதான், கவனியுங்கள்! அப்புறம் வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பலன் மிதமானதுதான், மனச்சோர்வுக்கு இது மருந்தாகாது. ஆனாலும் செலவில்லாத காரியம், செய்து பார்க்கலாம்.

செய்யும்போது குட்டியாக, குறிப்பாக எழுதுங்கள். ‘குடும்பத்துக்காக ஸ்தோத்திரம்’ என்று எழுதினால் மனசில் எதுவும் அசையாது. ‘செவ்வாய்க்கிழமை மகன் கேட்காமலே கேஸ் சிலிண்டரை மாட்டிக் கொடுத்தான்’ என்று எழுதினால் அவன் முகம் ஞாபகத்துக்கு வரும். இன்னொன்று, அந்த ஐந்தில் ஒன்றையாவது சம்பந்தப்பட்ட ஆளிடமே போய்ச் சொல்லுங்கள். இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்த ஒருவன் அவர் காலடியில் விழுந்து நன்றி சொன்னான். மற்ற ஒன்பது பேரும் வீட்டிலிருந்தபடியே மனசுக்குள் நன்றியாகத்தான் இருந்திருப்பார்கள், யார் கண்டது!

உங்கள் பாட்டி காலத்துப் பழக்கம் ஒன்றையும் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அளந்து எடுத்த அரிசியிலிருந்துதான் அந்தப் பிடி. பானை நிறைந்ததும் கோயிலுக்குப் போகும், ஊழியத்துக்கோ இல்லாதவர்களுக்கோ பயன்படும். வீட்டில் அரிசி தட்டாக இருக்கிற நாளிலும் அந்தப் பிடி போகும். இதில் எனக்குப் பிடித்தது, ஜெபத்தில் மனசு ஒட்டுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கை போய்விடுகிறது. கொடுப்பதற்கு என்னிடமும் ஏதோ இருக்கிறது என்பதை ஒரு நாளைக்கு இரண்டு தடவை கை உணர்கிறது. நன்றி உணர்ச்சியாக வராத நாட்களில் இப்படிச் செயலாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை. உங்கள் சபையில் இப்போது பிடி அரிசி வாங்குகிற ஏற்பாடு இல்லையென்றால், பள்ளியில் மதியம் டிபன் கொண்டுவராத பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும்.

தங்கை விஷயம். அவள் மேல் உங்களுக்கு உண்மையில் என்ன கோபம் என்று பார்த்தால், வீடு கட்டியதைவிட, கோயிலுக்குப் போகாமலே கட்டியதுதான். அந்தத் தப்பான கணக்கை விட்டால் பாதிக் கோபம் தானாக இறங்கும். மீதிக்கு, வாட்ஸ்அப்பில் அவள் ஸ்டேட்டஸை ஒரு மாதம் மியூட் செய்யுங்கள். பாவம் ஒன்றுமில்லை, அவளுக்குத் தெரியவும் போவதில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்து பேசுங்கள். படத்தில் தெரிகிற வீட்டில் வீட்டுக் கடன் தவணையும், தூக்கமில்லாத ராத்திரியும் தெரியாது, பேச்சில்தான் தெரியும். அவள் கஷ்டத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஸ்டேட்டஸில் ஒரு வீடுதான் இருக்கிறது, போனில் உங்கள் தங்கை இருக்கிறாள்.

கடைசியாக, அந்த அடைப்புக்குறி. போதும் என்கிற மனதுக்கும், பேச வேண்டியதைப் பேசாமல் விழுங்குவதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் கணவர் தம்பிக்கு உதவியது தப்பாக இல்லாமல் இருக்கலாம். உங்களிடம் சொல்லாமல் செய்தது உங்களுக்கு நேர்ந்த அவமரியாதை. இதை மன்னிக்க வேண்டுமானாலும் முதலில் இது நடந்தது என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் இதுவரை செய்திருப்பது மன்னிப்பு இல்லை, ஒத்திவைப்பு.

சம்பளம் வந்த வாரத்தில், மகன் டியூஷன் போயிருக்கிற நேரமாகப் பார்த்து உட்காருங்கள். மாமியார் முன்னால் வேண்டாம். ‘நீங்கள் எப்போதும் இப்படித்தான்’ என்று ஆரம்பித்தால் அவர் தம்பிக்காக வாதாட ஆரம்பிப்பார். “பாஸ்புக்கைப் பார்த்த அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அதை உங்ககிட்ட இதுவரைக்கும் சொல்லல” என்று ஆரம்பியுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பது இரண்டாவது பேச்சு. முதல் நாளே இரண்டையும் சேர்க்காதீர்கள். முதல் பேச்சில் ஒரே ஒரு உறுதி போதும்: இனி இவ்வளவு ரூபாய்க்கு மேல் எந்தப் பணமும் இருவருக்கும் தெரிந்துதான் வெளியே போக வேண்டும். தொகையை இருவருமாக முடிவு செய்யுங்கள். அவர் பிடிகொடுக்காவிட்டால், அவர் மதிக்கிற ஒரு பெரியவரையோ உங்கள் குருவானவரையோ நடுவில் வைத்துப் பேசலாம். பவுல் எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் அதைத்தானே செய்தார்.

இரண்டாவது பேச்சை ரொம்பவும் தள்ளிப் போடாதீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனாலும் ஒரு தகவல். கைமாற்றாகக் கொடுத்த கடனைச் சட்டப்படி கேட்க, பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடம்தான் காலவரம்பு. அதற்குள் வாங்கியவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் காலவரம்பு புதிதாக ஓடும். தம்பிமேல் கேஸ் போடச் சொல்லவில்லை. ‘எப்போது, எத்தனை தவணையில்’ என்று ஒரு தாளில் எழுதி வாங்குவது உறவைக் கெடுக்காது. எழுதாமல் விட்டுக் கெட்டுப்போன உறவுகளைத்தான் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கிறேன். ஒருவேளை அந்தப் பணம் வராது என்று தெரிந்தால், அதையும் தெரிந்துகொண்டு விடுவது வேறு, தெரியாமல் மூன்று மணிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது வேறு.

சாட்சி சொல்லச் சொன்னதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். “இந்த மாதம் வேண்டாம்மா, அப்புறம் பார்க்கலாம்” என்று பாஸ்டரம்மாவிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், 13-ஆம் சங்கீதத்தை நிதானமாக வாசித்துவிட்டு உட்காருங்கள். ஆறே வசனம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்குகிறது, “கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்” என்று முடிகிறது. இரண்டு வரிக்கும் நடுவில் எங்கேயோதான் நான் இருக்கிறேன், எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னால் போதும். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற இன்னும் நாலு பேர் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் உங்களைத் தேடி வந்து பேசினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நான்கு லட்சத்தை மட்டும் அங்கே வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள். நீங்கள் வீடு போய்ச் சேருமுன் அது உங்கள் கொழுந்தனார் காதுக்குப் போயிருக்கும், அப்புறம் அந்த முதல் பேச்சை நீங்கள் நினைத்தபடி ஆரம்பிக்க முடியாது.